குளிரும் மண்டபத்தில் வடியும் நீர்

வெப்ப நாட்டில் குளிர்சட்டை

நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே அமைந்துள்ள ஜொகூர் பாருவில் ஆண்டு முழுவதும் வெயில் காலம்தான். பகலில் வெப்பநிலை 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரை ஏறுகிறது. விடியற்காலையில்கூட 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இத்தகைய ஊரில் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களின் பையில் மடிக்கணினிக்கும் குறிப்பேட்டுக்கும் அடுத்தபடியாக ஒரு தடித்த குளிர்சட்டை இருப்பதும், விரிவுரை மண்டபத்தில் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் அவர்கள் அதை எடுத்து மாட்டிக்கொள்வதும் மலேசியாவில் யாருக்கும் புதிய காட்சி அல்ல. பனியே விழாத நாட்டில், வகுப்பறையில் நடுங்கிக்கொண்டு பாடம் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்வி அந்த மாணவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் ஒருமுறையாவது எழுந்திருக்கும்.

குளிர்சாதனத்தின் எண்ணை யாரோ அளவுக்கு மீறிக் குறைத்துவைத்துவிட்டார்கள் என்பதே இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை. அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த மண்டபத்தின் பின்புறச் சுவரில், தரையை நோக்கி இறங்கும் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாயில் இருக்கிறது. அந்தக் குழாயிலிருந்து நாள் முழுவதும் நீர் சொட்டிக்கொண்டேயிருக்கும். அடியில் சிமெண்டுத் தரை பாசி படர்ந்து பச்சையாகியிருக்கும். மழையிலிருந்தோ ஓட்டைக் குழாயிலிருந்தோ வராத அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அதை வரவழைக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், வெப்பமண்டல வளாகம் ஒன்றில் சுற்றுச்சூழல் காப்பு எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது தெளிவாகும்.

காற்றில் கரந்துள்ள நீர்

உணவுக் கடையில் மேசைமேல் வைத்த ‘தே ஐஸ்’ குவளையின் வெளிப்புறத்தில் சிறிது நேரத்தில் நீர்த்துளிகள் அரும்பி வழியத் தொடங்குகின்றன. குவளை கசியவில்லை, சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாக இருந்த நீரே குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் திரவமாகிறது. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஆவி இவ்வாறு நீராகத் தொடங்குமோ, அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பர். ஒரு வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய மிகுதியான நீராவியில் எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பதைக் காட்டும் விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் எனப்படும். சூடான காற்று மிகுதியான ஆவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும் என்ற ஓர் இயல்பை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அத்தியாயத்துக்குப் போதும்.

ஜொகூரின் சராசரி நண்பகல் ஒன்றில் வெளிக்காற்று 32 பாகையிலும் 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 22 கிராம் நீர் இருக்கும். 24 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவும் ஏறத்தாழ 22 கிராம்தான். ஆகவே, வெளிக்காற்றிலிருந்து ஒரு சொட்டு நீரைக்கூட எடுக்காமல் வெப்பநிலையை மட்டும் 24 பாகைக்குக் குறைத்தால், அறைக் காற்று மூடுபனியின் விளிம்புக்கு வந்துவிடும். உடலில் வியர்வை உலராது, நாற்காலித் துணி பிசுபிசுக்கும், சுவரில் பூஞ்சணம் படரும். 24 பாகையில் 60 விழுக்காடு என்ற வசதியான நிலைக்கு வர வேண்டுமானால் கன மீட்டருக்கு 13 கிராம் நீர்தான் மிஞ்ச வேண்டும். எஞ்சிய நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுத்தே ஆக வேண்டும்.

இந்த நீரைப் பிரிப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம். நீர் ஆவியாகும்போது, வெப்பநிலையில் எந்த மாற்றமும் காட்டாமல் தன்னுள் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்பர். ஆவி மீண்டும் நீராகும்போது அந்த வெப்பம் முழுவதும் வெளியே வருகிறது, அதைக் குளிர்சாதனம் ஏந்தி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். காற்றிலிருந்து 1 கிராம் நீரை ஒடுக்கி எடுக்க அகற்ற வேண்டிய வெப்பம், 1 கிலோ காற்றை ஏறத்தாழ இரண்டரைப் பாகை குளிர்விக்கப் போதுமானது. வெப்பமானி இந்தச் செலவைக் காட்டாது. மின்கட்டணச் சீட்டு காட்டும்.

அச்சகத்துக்காகப் பிறந்த இயந்திரம்

குளிர்சாதனம் மனிதருக்குக் குளிர்ச்சி தருவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அதன் கதை ஓர் அச்சகத்தில் தொடங்குகிறது. 1902-ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் இயங்கிய சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்தில், கோடையின் ஈரக் காற்றில் தாள் விரிந்து சுருங்கியதால் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட வண்ணங்கள் இடம் பிசகின. இதற்குத் தீர்வு காணும் பணி வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின்மீது காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தை ஒடுக்கி எடுக்கும் அமைப்பை அவர் வரைந்தார். நவீன குளிர்சாதனத்தின் தொடக்கம் அதுவே. காற்றை உலர்த்துவதற்காகப் பிறந்த அந்த இயந்திரத்தைப் பின்னாளில் மனிதர் குளிர்ச்சிக்காக மட்டும் நினைத்துக்கொண்டனர் என்பது, இன்றைய மண்டபங்களின் சிக்கலைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும் செய்தி.

பெரிய வளாகங்களில் இந்த வேலையைச் செய்பவை ‘சில்லர்’ எனப்படும் குளிர்நீர் இயந்திரங்கள். அவை நீரை 6 அல்லது 7 பாகைக்குக் குளிர்வித்துக் குழாய்கள் வழியே கட்டடங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே குளிர்ச்சுருளின்மீது விசிறி காற்றை வீசுகிறது. 13 பாகை அளவில் குளிர்ந்து, ஈரம் வடிந்த காற்று கூரைத் துவாரங்கள் வழியே மண்டபத்தில் இறங்குகிறது. அறையின் சராசரி 24 பாகையாக இருந்தாலும் அந்தத் துவாரத்துக்கு நேர் கீழே அமர்ந்திருப்பவர் மேல் படுவது மற்றக் காற்றோடு இன்னும் கலந்து முடியாத குளிர்காற்று. நல்ல மாணவர்கள் பருவத்தின் முதல் வாரத்திலேயே எந்த இருக்கையைத் தவிர்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதன் காரணம் இதுதான்.

இருநூறு இருக்கைகள்: ஒரு கணக்கு

இருநூறு மாணவர்கள் நிரம்பியிருக்கும் ஒரு விரிவுரை மண்டபத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் வந்துசேரும் வெப்பத்தை மூலம் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். வெப்பம் வரும் வேகத்தைக் கிலோவாட் என்ற அலகில் அளப்பர். சாதாரண இஸ்திரிப்பெட்டி ஒன்று வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 1 கிலோவாட்.

முதல் மூலம் மனிதர்களே. அமைதியாக அமர்ந்து குறிப்பெடுக்கும் ஒருவரின் உடல், தோலின் வழியே 70 வாட் அளவு வெப்பத்தை நேராகவும், மூச்சிலும் வியர்வையிலும் கலந்த நீராவியாக இன்னும் 45 வாட் அளவும் வெளிவிடுகிறது. இருநூறு பேருக்குச் சேர்த்தால் நேர் வெப்பம் 14 கிலோவாட், ஆவியின் உள்ளுறை வெப்பம் 9 கிலோவாட். ஒரு மணி நேரத்தில் அவர்கள் காற்றில் சேர்க்கும் நீர் ஏறத்தாழ 13 லிட்டர்.

இரண்டாவது மூலம் விளக்குகள், மடிக்கணினிகள், ஒளிப்படக்காட்டி, வெயில் படும் கூரையும் சுவரும். இவை அனைத்துக்கும் சேர்த்து 12 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள் மிகுதியாகக் குறைகூறும் விளக்குகளின் பங்கு இதிலும் ஒரு சிறு பகுதிதான், குறிப்பாக எல்.இ.டி. விளக்குகள் வந்த பின்.

மூன்றாவது மூலம்தான் யாரும் நினைத்துப் பார்க்காதது: மூச்சுவிடத் தேவையான புதுக்காற்று. அடைபட்ட மண்டபத்தில் மாணவர்கள் வெளிவிடும் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போனால் தலை கனக்கும், கவனம் சிதறும், நோய்க்கிருமிகளும் பரவும். ஆகவே ஒருவருக்கு நொடிக்கு 7 லிட்டர் வீதம் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதாகக் கொண்டால், இருநூறு பேருக்கு நொடிக்கு 1,400 லிட்டர் ஆகிறது. இந்தக் காற்றை 32 பாகையிலிருந்து 24-க்குக் கொண்டுவர அகற்ற வேண்டிய நேர் வெப்பம் ஏறத்தாழ 13 கிலோவாட். அதிலுள்ள மிகை ஈரத்தை ஒடுக்க அகற்ற வேண்டிய வெப்பமோ 32 கிலோவாட். காற்றின் சூட்டைத் தணிக்கும் செலவைப்போல் அதன் ஈரத்தை நீக்கும் செலவு இரண்டரை மடங்கு. இந்த வழியில் மட்டும் மணிக்கு 47 லிட்டர் நீர் ஒடுங்குகிறது.

எல்லாவற்றையும் கூட்டினால், சூட்டைத் தணிப்பதற்கு 39 கிலோவாட், ஈரத்தை நீக்குவதற்கு 41 கிலோவாட், ஆக மொத்தம் 80 கிலோவாட். மண்டபத்தைக் குளிர்விக்கும் வேலையில் பாதிக்கும் மேற்பட்டது குளிர்விப்பதே அல்ல, உலர்த்துவது. பின்புறக் குழாய் சொட்டும் நீருக்கும் இப்போது கணக்குக் கிடைத்துவிட்டது: மனித மூச்சிலிருந்து 13 லிட்டரும் வெளிக்காற்றிலிருந்து 47 லிட்டரும் சேர்ந்து மணிக்கு 60 லிட்டர்.

மின்சாரத்துக்கு வருவோம். குளிர்நீர் இயந்திரம், நீரேற்றி, விசிறிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு மின்சாரத்தால் மூன்று பங்கு வெப்பத்தை அகற்றுவதாகக் கொண்டால், இந்த மண்டபம் ஒரு மணி நேரத்துக்குச் செலவிடுவது 27 யூனிட் (கிலோவாட்-மணி). நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் பெரிதும் நம்பியிருக்கும் தீபகற்ப மலேசிய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. எனவே ஒரு மணி நேர விரிவுரைக்கு 20 கிலோ. எட்டு ஒன்பது லிட்டர் பெட்ரோலை எரித்தால் வெளிவருவதும் அவ்வளவே. உறிஞ்சுகுழலையும் பாலிஸ்டிரீன் பெட்டியையும் வளாகத்திலிருந்து விலக்கப் பாடுபடும் மாணவர் இயக்கங்களின் உழைப்பு மதிப்புக்குரியது. கால்வாயும் கடலும் அதனால் பிழைக்கின்றன. ஆனால் வெப்பநிலை உயர்வைத் தடுப்பதே நோக்கமென்றால், அந்த இயக்கங்களின் பார்வை குப்பைத்தொட்டியிலிருந்து கூரைத் துவாரத்துக்கு உயர வேண்டும்.

குளிர்ந்தும் புழுங்கும் அறை

இந்தக் கணக்கு நிரம்பிய மண்டபத்துக்கானது. உண்மையில் இருநூறு இருக்கை மண்டபத்தில் அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்புகளும் உண்டு. அங்கேதான் குளிர்சட்டைப் புதிரின் முழு விடையும் இருக்கிறது.

பொறியாளர்கள் இயந்திரத்தின் அளவைத் தீர்மானிக்கும்போது மண்டபம் நிறைந்திருக்கும் நாளையும், ஆண்டின் மிகக் கடுமையான வெயிலையும், அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு மிகையையும் கணக்கில் கொள்கின்றனர். அறுபது பேர் மட்டும் இருக்கும்போது அந்தப் பெரிய இயந்திரம் அறையின் சூட்டை மிக விரைவில் தணித்துவிடுகிறது. சூட்டை மட்டுமே உணரத் தெரிந்த தெர்மோஸ்டாட் குறித்த பாகை வந்ததும் குளிர்நீர் வரத்தைக் குறைக்கிறது. சுருள் சற்றுச் சூடாகிறது. அதன் வெப்பநிலை பனிநிலையை நெருங்கியதும் நீர் ஒடுங்குவது தளர்ந்துவிடுகிறது. விசிறியோ நிற்பதில்லை, வெளிக்காற்றின் ஈரத்தை உள்ளே கொண்டுவந்துகொண்டேயிருக்கிறது. அறை 24 பாகையில் இருந்தும் புழுக்கமாக இருக்கிறது.

புழுக்கத்தை உணர்ந்த ஒருவர் செய்யக்கூடியது ஒன்றே: எண்ணைக் குறைப்பது. 21 பாகைக்குக் கொண்டுபோனதும் குளிர்நீர் மீண்டும் பாய்கிறது, சுருள் குளிர்கிறது, ஈரம் வடிகிறது. அத்துடன் மாணவர்களின் விரல்களும் விறைக்கின்றன. ஈரத்தை நீக்கும் பொருட்டு ஓர் அறையை அளவுக்கு மீறிக் குளிர்விப்பதே, வெப்பமண்டலக் கட்டடங்கள் எங்கும் காணப்படும் இந்த மிகைக்குளிரின் இயல்பான பாதை. இதற்கு மின்சாரத்திலும் விலை உண்டு. முன் கண்ட நிரம்பிய மண்டபத்தையே 24-இலிருந்து 21 பாகைக்கு இறக்கினால், புதுக்காற்றை உலர்த்தும் செலவும் குளிர்விக்கும் செலவும் ஒருசேர ஏறி, 80 கிலோவாட் என்பது 90-ஐத் தாண்டிவிடும்.

கட்டடத்துக்கும் இது கேடு. 21 பாகையில் குளிர்ந்து கிடக்கும் சுவரும் கூரைப் பலகையும், கதவு திறக்கும்போது நுழையும் வெளிக்காற்றின் பனிநிலையைவிட மூன்று நான்கு பாகை தாழ்வாக உள்ளன. ஆகவே அவற்றின்மீதும் நீர் அரும்பும். கூரைப் பலகையில் பழுப்பு வளையங்களும், துவாரங்களைச் சுற்றிக் கறுத்த பூஞ்சணமும் தோன்றும் மண்டபங்களில் பெரும்பாலும் கூரை ஒழுகுவதில்லை. பராமரிப்புப் பிரிவு சாயம் பூசிவிட்டுப் போனாலும், வெப்பநிலை அதே இடத்தில் இருக்கும்வரை கறுப்பு திரும்பிவரும்.

எத்தனை பாகை போதும்?

ஒருவருக்கு வசதியாக இருப்பது எந்த வெப்பநிலை என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கின் போவல் ஓலே ஃபாங்கர். 1970-இல் வெளிவந்த அவரது நூல், உடல் உணரும் வசதியை ஆறு காரணிகள் தீர்மானிப்பதாகக் காட்டியது: காற்றின் வெப்பம், சுற்றுப் பரப்புகளிலிருந்து வரும் கதிர்வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், அணிந்துள்ள உடை, செய்யும் வேலை. தெர்மோஸ்டாட்டின் சிறு திரை இந்த ஆறில் ஒன்றைத்தான் காட்டுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஓர் எண்ணின்மேல் நாம் சுமத்தியிருக்கும் பாரம் எவ்வளவு மிகை என்பது புரியும்.

ஃபாங்கருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் வெப்ப நாடுகளின் அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் நேரில் அளந்து, இயற்கைக் காற்றோட்டத்தில் வாழ்ந்து பழகியவர்கள் 28 பாகையைத் தாண்டியும் வசதியாக உணர்வதைக் கண்டனர். இதை அறிய மலேசியாவில் தொலைவு போக வேண்டியதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான விடுதி அறைகளில் குளிர்சாதனம் இல்லை. கூரை விசிறி மட்டுமே சுழல்கிறது. இரவு 27, 28 பாகையில் விசிறிக் காற்றில் நன்றாக உறங்கி எழும் அதே மாணவர்தான் காலை எட்டு மணிக்கு 21 பாகை மண்டபத்தில் கைகளைத் தொடைகளுக்கிடையே செருகிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலின் அருகே தேங்கும் சூடான ஈரப் படலத்தைக் கலைத்து வியர்வையை உலரச் செய்கிறது. நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில், அதாவது மேசைமேல் உள்ள தாள் லேசாகத் துடிக்கும் அளவில் காற்று வீசினால், உடலுக்கு வெப்பநிலை இரண்டரை மூன்று பாகை குறைந்ததுபோல் தோன்றும். நம் இருநூறு இருக்கை மண்டபத்தை 26 பாகையில் வைத்துப் பத்துக் கூரை விசிறிகளைச் சுழலவிட்டால், குளிர்விக்கும் சுமை 80-இலிருந்து 70 கிலோவாட்டுக்கு இறங்குகிறது; மின்சாரத்தில் மூன்று யூனிட்டுக்குமேல் மிச்சம். பத்து விசிறிகளும் சேர்ந்து எடுத்துக்கொள்வதோ அரை யூனிட் அளவுதான்.

மலேசிய அரசு 2011-இல் தன் அலுவலகங்களில் குளிர்சாதனத்தை 24 பாகைக்குக் கீழே வைக்கக் கூடாது என்று பணித்தது. குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கான எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரநிலை 24 முதல் 26 பாகை வரையும், 50 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் பொருத்தமென்று பரிந்துரைக்கிறது. ஆகவே குறைபாடு விதியில் இல்லை. ஈரத்தைக் கவனிக்காமல் பாகையை மட்டும் கட்டுப்படுத்த முயலும்போது அந்த விதியைக் காப்பாற்ற முடியாமல் போகிறது.

காலி மண்டபமும் பாட அட்டவணையும்

ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூ.டி.எம். என்று மக்கள் சுருக்கமாக அழைப்பது, 1,100 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் பரந்துகிடக்கிறது. 1904-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தொழில்நுட்பப் பள்ளியில் வேர்கொண்டு, 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்நிறுவனம் 1980-களில் ஜொகூருக்கு இடம்பெயர்ந்தது. நடுவே சுல்தான் இஸ்மாயில் பள்ளிவாசலும், அதைச் சுற்றி நூலகமும் நிர்வாகக் கட்டடமும், அவற்றுக்கு அப்பால் வட்டச் சாலையை ஒட்டிப் புலங்களும், இடையிடையே ஏரியும் காடும் என அமைந்த வளாகம் அது. தன் நிலைத்த வளர்ச்சிப் பணிகளுக்கென்றே ஒரு தனி அலுவலகத்தை அது வைத்திருக்கிறது. இந்த அளவுள்ள வளாகம் சிறு நகரம். அதன் மின்சாரத்தை ஒரு வீட்டை ஆளுவதுபோல் ஆள முடியாது.

சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. 2008-இல் வந்த மின்னாற்றல் திறன்மிகு மேலாண்மை விதிமுறைகள், தொடர்ந்து ஆறு மாதங்களில் 30 இலட்சம் யூனிட் அல்லது அதற்குமேல் செலவிடும் நிறுவனங்கள் பதிவுபெற்ற மின்னாற்றல் மேலாளர் ஒருவரை அமர்த்த வேண்டுமென்று கட்டளையிட்டன. 2024-ஆம் ஆண்டின் ஆற்றல் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, மின்சாரத்தோடு வெப்ப ஆற்றலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பெரிய பல்கலைக்கழகங்கள் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

மின்னாற்றல் மேலாளரின் முதல் எதிரி பழைய இயந்திரம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நம் கணக்கு வேறோர் இடத்தைச் சுட்டுகிறது. 80 கிலோவாட்டில் புதுக்காற்றின் பங்கு மட்டும் 45. காலை பத்து மணி வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு நண்பகலில் என்றால், இடைப்பட்ட நேரத்தில் மண்டபத்தில் யாரும் இல்லை. விளக்குகளைக் கடைசியாக வெளியேறியவர் அணைத்துவிட்டார். எனினும் புதுக்காற்று விசிறி முழு வேகத்தில் ஓடினால், அந்த 45 கிலோவாட்டும், கூரை வழியாக வரும் வெப்பமும் சேர்ந்து 50 கிலோவாட் சுமை நீடிக்கிறது. இருநூறு காலி நாற்காலிகளுக்கு மூச்சுக்காற்று உலர்த்தித் தரப்படுகிறது. மணிக்கு 17 யூனிட்; நாளுக்கு இரண்டு மணி நேரம், இரு பருவங்களிலும் சேர்த்து 140 வகுப்பு நாட்கள் என்றால் ஏறத்தாழ 4,700 யூனிட். மாதம் 400 யூனிட் செலவிடும் ஒரு குடும்பத்துக்கு இது கிட்டத்தட்ட ஓராண்டு மின்சாரம். ஒரே ஒரு மண்டபத்தின் கணக்கு இது.

இதற்கான தீர்வு எளிது, விலையும் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவை உணரும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கைக்கேற்பப் புதுக்காற்றை ஏற்றி இறக்கலாம். அறுபது பேர் வகுப்பில் இது 45 கிலோவாட்டை 14 அளவுக்குக் குறைக்கும். வந்திருப்பவர்களின் மூச்சுக்குச் சிறிதும் குறைவு வராது. வெளியேறும் குளிர்ந்த, உலர்ந்த காற்றைக்கொண்டு உள்ளே வரும் வெளிக்காற்றை முன்னதாகவே ஓரளவு குளிர்வித்து உலர்த்தும் சுழல் சக்கரங்களும் உண்டு. ஈரத்தை மீட்கும் சக்கரம் என்று இதைக் குறிப்பிடலாம். ஜொகூர் போன்ற ஊரில் இதன் பயன், குளிர் நாடுகளில் கிடைப்பதைவிட முற்றிலும் வேறு வகையானது, ஏனெனில் இங்கே அது மிச்சப்படுத்துவதில் பெரும்பங்கு உள்ளுறை வெப்பம்.

இவற்றைவிடவும் மலிவான கருவி ஒன்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது: பாட அட்டவணை. வகுப்புகள் எந்தக் கட்டடத்தில், எந்த மணியில் என்று முடிவுசெய்பவர் அறிந்தோ அறியாமலோ மின்சாரத்தையும் பங்கிடுகிறார். மாலை வகுப்புகள் ஆறு கட்டடங்களில் சிதறிக் கிடந்தால் ஆறு கட்டடங்களின் குளிர்நீர்க் குழாய்களும் இரவுவரை இயங்க வேண்டும். இரண்டு கட்டடங்களில் திரட்டினால் நான்கு ஓய்வெடுக்கும். அறுபது பேர் வகுப்பை இருநூறு இருக்கை மண்டபத்தில் போடாமல் இருப்பதும் இதில் அடங்கும். பெருநுகர்வோருக்கு யூனிட் கணக்கோடு, மாதத்தில் எப்போதாவது தொட்ட உச்ச அளவுக்கும் மின் நிறுவனமான தெனாகா நேஷனல் தனிக் கட்டணம் வசூலிப்பதால், காலை எட்டு மணிக்கு எல்லாக் கட்டடங்களின் இயந்திரங்களையும் ஒன்றாக முடுக்கிவிடும் பழக்கத்துக்கும் விலை உண்டு.

நீரிணைக்கு அப்பால்

இந்தக் கருத்துகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று எண்ணத் தேவையில்லை. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், இதே வெயிலும் இதே ஈரமும் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் திறக்கப்பட்ட எஸ்.டி.இ.4 என்ற வடிவமைப்புப் புலக் கட்டடம், தான் செலவிடும் ஆற்றல் அளவைத் தன் கூரைச் சூரியத் தகடுகளாலேயே ஈடுசெய்யும் நோக்குடன் கட்டப்பட்டது. அகன்ற கூரை நிழலும், குறுக்கே காற்று வீச வழிவிடும் அமைப்பும் அதற்கு உண்டு. வகுப்பறைகளில் வழக்கத்தைவிடச் சூடான, ஆனால் ஓரளவு உலர்த்தப்பட்ட காற்றை அனுப்பி, கூரை விசிறிகளைச் சுழலவிடும் கலப்பு முறையைப் பின்பற்றுகின்றனர். கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் தாங்கள் கற்கும் பாடத்துக்குள்ளேயே அமர்ந்து கற்கின்றனர் என்பது அதன் கூடுதல் சிறப்பு.

ஜொகூரிலும் இதற்கான அறிவு இல்லாமல் இல்லை. இஸ்கந்தர் மலேசியா வட்டாரத்தின் கரியமில வாயுத் தீவிரத்தை, அதாவது பொருளாதார உற்பத்தியின் ஓர் அலகுக்கு வெளியாகும் அளவை, 2005-ஆம் ஆண்டு நிலையிலிருந்து 2025-க்குள் 58 விழுக்காடு குறைக்க வழிகாட்டிய குறைகரிமச் சமூகத் திட்டவரைவு, யூ.டி.எம். ஆய்வாளர்களும் ஜப்பானின் கியோட்டோ, ஒக்கயாமா பல்கலைக்கழகங்களும் ஜப்பானிய தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வுக் கழகமும் இணைந்து உருவாக்கியது. அது 2012-இல் டோஹாவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின்போது வெளியிடப்பட்டது. ஒரு வட்டாரத்துக்கே கணக்குப் போட்டுக் கொடுத்த அறிவு அந்த வளாகத்தில் இருக்கிறது. இன்று கூலாய், செடெனாக் பகுதிகளில் அடுத்தடுத்து எழும் தரவு மையங்களால் குளிரூட்டும் மின்சாரமும் நீரும் ஜொகூரின் பொதுவிவாதமாகிவிட்ட நிலையில், இந்தத் துறையைக் கைவந்த கலையாக அறிந்த இளைஞர்கள் மாநிலத்துக்கு மிகுதியாகத் தேவைப்படுவர். அவர்கள் பயில்வதற்கு ஏற்ற ஆய்வுக்கூடம் அவர்கள் அன்றாடம் அமரும் மண்டபம்தான்.

சொட்டும் நீரையும் அங்கேயே அளந்து பார்க்கலாம். மணிக்கு 60 லிட்டர் வீதம் எட்டு மணி நேரத்தில் 480 லிட்டர். காற்றிலிருந்து ஒடுங்கியதால் இதில் உப்புகள் மிகக் குறைவு. சுருளின் உலோகமும் கிருமிகளும் கலந்திருக்கக்கூடும் என்பதால் குடிக்க ஆகாது. ஆனால் குளிர்நீர் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்துக்கும், கழிப்பறைக்கும், செடிகளுக்கும் பயன்படும். ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்து அரை மணி நேரம் அளந்தால், அந்த மண்டபத்தில் எவ்வளவு உள்ளுறை வெப்பம் அகற்றப்படுகிறது என்பதை எந்த மாணவரும் தோராயமாகக் கணக்கிட்டுவிடலாம். ஆளில்லாத நேரத்திலும் வாளி நிரம்புகிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ள சோதனை.

அந்த அளவீடுகளைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் மன்றங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது பெரிய முதலீடு அல்ல. அடுத்த பருவத்துக்கான பாட அட்டவணையை வகுக்கும் கூட்டத்தில் மின்னாற்றல் மேலாளருக்கும் ஓர் இருக்கை தரப்பட வேண்டும். எந்த மண்டபம் எந்த மணியில் காலியாக இருக்கும் என்ற பட்டியல் ஒவ்வொரு வாரமும் புதுக்காற்று விசிறிகளை இயக்கும் பணியாளரின் கைக்குப் போய்ச்சேர வேண்டும்.